நூல் வழங்கல் முறையும் மொழிபெயர்ப்பு மொழியும்: தமிழ் மொழிபெயர்ப்புத் திறனாய்வில் விடுபட்ட ஒரு கூறு

0. முன்னுரை

தமிழில் மொழிபெயர்ப்புத் திறனாய்வு என்னும் பெயரில் வெளிவரும் எழுத்துகளுள் பெரும்பாலானவை இரண்டு பனுவல்களை அருகருகே வைத்து ஒப்பிடுகின்றன. ஒன்று தருமொழிப் பனுவல். மற்றொன்று பெறுமொழிப் பனுவல். இரண்டிற்கும் இடையே காணப்படும் விலகல்கள் தொகுக்கப்படுகின்றன. அவை சொல்நிலை, தொடர்நிலை, பண்பாட்டுநிலை எனப் பகுக்கப்படுகின்றன. இறுதியில் அவற்றுக்குரிய பொறுப்பு மொழிபெயர்ப்பாளர்மீது ஏற்றப்படுகிறது. மொழியறிவுக் குறை, கவனக் குறை, பண்பாட்டறிவுக் குறை ஆகிய மூன்றுமே விளக்கங்களாக அமைகின்றன.

இவ்விளக்கங்கள் பல இடங்களில் பொருந்துவனவே. ஆயினும், ஒருவர் ஒரு பதிப்பகத்துக்குச் செய்த பெயர்ப்பில் இல்லாத குறை, அவரே வேறொரு பதிப்பகத்துக்குச் செய்த பெயர்ப்பில் இருக்குமாயின், அதனை இம்மூன்றும் விளக்கமாட்டா. நூலை மொத்தமாக வாங்குபவர் யார், எந்த அலகில் விலை கணிக்கப்படுகிறது, எத்தனை படிகள் அச்சாகின்றன, அவை எவ்வளவு காலம் கிடங்கில் தங்குகின்றன என்பன பொருளியல் வினாக்கள். மொழியியலாருக்கு இவற்றோடு தொடர்பில்லை என்று கருதும் வழக்கம் நம்மிடையே உண்டு. இவை பெயர்ப்பின் மொழியையே வடிவமைக்கும் காரணிகள் என்றும், இவற்றைக் கணக்கில் கொள்ளாத திறனாய்வு பிழையைக் கண்டறிந்தும் பிழையின் காரணத்தைத் தவறவிடுகிறது என்றும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தாள் வணிகர் முதல் வாசகர் வரை நூல் கடந்துவரும் நிலைகள் அனைத்தும் இங்கு ‘வழங்கல் தொடர்’ எனச் சுட்டப்படும்.

1. கோட்பாட்டுப் பின்புலம்

நூல் வரலாற்றாய்வில் ராபர்ட் டார்ன்டன் 1982இல் முன்வைத்த தொடர்புச் சுற்று பெரிதும் எடுத்தாளப்படுவது. ஆசிரியர், பதிப்பாளர், அச்சகத்தார், நூலைக் கொண்டுசெல்வோர், விற்பனையாளர், வாசகர் என அச்சுற்று அமையும். இதில் மொழிபெயர்ப்பாளருக்கெனத் தனியிடம் இல்லை. மறுபுறம், மொழிபெயர்ப்பியலில் கிடியோன் டூரி 1995இல் விரித்துரைத்த நெறிமுறைகளுள் முதனிலை நெறிமுறைகள் என்னும் பகுப்பு உண்டு. எந்நூலைப் பெயர்ப்பது, மூலமொழியிலிருந்து நேரடியாகப் பெயர்ப்பதா இடைமொழி வழியாகப் பெயர்ப்பதா என்பன அதில் அடங்கும். ஆந்த்ரே லெஃபெவெர் 1992இல் புரவலர் என்னும் கருத்தாக்கத்தைக் கருத்தியல், பொருளியல், தகுதிப்பேறு என மூன்று கூறுகளாகப் பகுத்தார். ஆக, நூல் வரலாற்றார் மொழிபெயர்ப்பாளரை விட்டனர். மொழிபெயர்ப்பியலார் பொருளியல் கூறு உண்டென்று சொல்லினர், ஆனால் அதனைச் சந்தை விவரங்களோடு பெரிதும் பொருத்திப் பார்க்கவில்லை.

தமிழ்ச் சூழலில் இவ்விரண்டையும் இணைப்பதற்குரிய சான்றுகள் குறைவில்லை. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது, முன்கூட்டியே கையொப்பம் வாங்கிப் பொருள் திரட்டிய செய்தி யாவரும் அறிந்தது. குடியேற்றக் காலத் தமிழ்ப் பதிப்புலகம் புரவலரை நம்பியிருந்த நிலையிலிருந்து பொது வாசகரை நோக்கி நகர்ந்த வரலாற்றை ஆ.இரா. வேங்கடாசலபதி 2012இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். மொழிபெயர்ப்பு நூல்களுக்கு அத்தகைய ஆய்வு இன்னும் தேவைப்படுகிறது. பின்வரும் பகுதிகளில் தமிழ் மொழிபெயர்ப்பு நூல் கடந்துவந்துள்ள சில வழங்கல் தொடர்கள் எடுத்துக்கொள்ளப்பட்டு, ஒவ்வொன்றும் மொழியில் விட்டுச்சென்ற தடம் நோக்கப்படுகிறது.

2. பாரம் என்னும் அலகு

சென்னை மாகாணத்தில் 1948இல் இயற்றப்பெற்ற பொது நூலகச் சட்டம் இந்தியாவில் இவ்வகையில் முன்னோடியானது. அதன் பின்னணியில் எஸ்.ஆர். அரங்கநாதனின் உழைப்பு உண்டு. சொத்து வரியோடு சேர்த்துத் தண்டப்படும் நூலக வரியே இச்சட்டத்தின் பொருளியல் அடிப்படை. இதன் வழியே உருவான ‘நூலக ஆணை’, தமிழ்ப் பதிப்பகங்களுக்கு உறுதியான முதல் வாங்குநராக அமைந்தது. ஆயிரம் அல்லது ஆயிரத்து இருநூறு படிகள் என்று நீண்டகாலம் நிலைத்திருந்த அச்செண்ணிக்கையை இவ்வாணையின் நிழலிலேயே புரிந்துகொள்ள இயலும்.

இவ்வாணையில் விலை கணிக்கப்பட்ட அலகு பாரம். டெம்மி அளவில் ஒரு பாரம் 16 பக்கங்களைக் கொண்டது. தாளின் தரம், நூலின் அளவு ஆகியவற்றுக்கேற்பப் பாரத்துக்கு இவ்வளவு என வீதம் வகுக்கப்பட்டது. இம்முறையின் நேர்மையை இக்கட்டுரை ஐயுறவில்லை. தனிப்பட்ட விருப்பு வெறுப்புக்கு இடந்தராத எளிய அளவுகோல் அது. ஆனால் ஓர் அளவுகோல் எதனை அளக்கவில்லை என்பதும் நோக்கத்தக்கது. தமிழிலேயே எழுதப்பட்ட கதைத்தொகுப்பின் ஒரு பாரமும், பிறமொழி அறிவியல் நூலைப் பெயர்த்து, கலைச்சொல் ஆக்கி, சொல்லடைவு சேர்த்த நூலின் ஒரு பாரமும் அதன் கண்ணில் ஒன்றே. சொல்லடைவின் ஒரு பக்கத்தை ஆக்கிச் சரிபார்க்கும் உழைப்பு, உரைநடைப் பக்கத்தினதைவிடப் பன்மடங்கு. அதற்குரிய வீதமோ மாறுவதில்லை.

இக்கட்டுரையாளரின் பட்டறிவு ஒன்றை இங்குக் குறிப்பிடலாம். முப்பதுகளின் தொடக்கத்தில் இவர் ஒலியனியல் அறிமுக நூலொன்றைத் தமிழாக்கம் செய்தார். 14 பக்கக் கலைச்சொற்பட்டியும் 6 பக்கச் சொல்லடைவும் சேர, நூல் 212 பக்கங்கள் வந்தது. அதாவது 13 பாரமும் எஞ்சிய 4 பக்கங்களும். பட்டியும் அடைவும் நீங்கினால் 192 பக்கங்கள். சரியாக 12 பாரம். பதிப்பாளர் நீக்கச் சொன்னார். அவர் கணக்கில் பிழையில்லை, கட்டுரையாளரும் உடன்பட்டார். நூல் வெளிவந்தபின் ஒரு மதிப்புரையாளர், புதிய கலைச்சொற்கள் விளக்கமின்றிக் கையாளப்பட்டுள்ளன என்று குறை கூறினார். அதுவும் சரியே. இவ்விருவரில் யார்மீதும் வருந்துவதற்கு முன், கட்டுரையாளர் தம் பழைய மதிப்புரைகளைப் புரட்டிப் பார்க்க நேர்ந்தது. வேறொருவரின் மொழிபெயர்ப்பைப் பற்றி அதே குறையை, அதே தொனியில், அந்நூல் எத்தனை பாரம் என்று கேளாமலே இவரும் எழுதியிருந்தார்.

இதன் விளைவு ஒரு நூலோடு நிற்பதில்லை. சொற்பட்டியும் அடைவும் இல்லாத நூலில் கலைச்சொல் புழங்குகிறது. ஆனால் அடுத்த மொழிபெயர்ப்பாளர் அதனைத் தேடி எடுக்க வழியில்லை. எனவே அவர் புதிதாக ஒன்றை ஆக்குகிறார். ‘டிஸ்கோர்ஸ்’ என்பதற்குச் சொல்லாடல், கருத்தாடல், உரைக்கோவை எனவும், ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ என்பதற்கு அமைப்பியல், அமைப்பியல்வாதம், கட்டமைப்பியல் எனவும் இணைச்சொற்கள் பெருகியதற்குப் புலமை வேறுபாடு மட்டும் காரணமன்று. முன்னவர் ஆக்கிய சொல் பின்னவர் கைக்கு எட்டாமற் போனதும் ஒரு காரணம் எனலாம். நூலகக் கொள்முதலின் விண்ணப்பமும் தேர்வும் அண்மை ஆண்டுகளில் இணைய வழிக்கு மாறியுள்ளன. இம்மாற்றம் நூலின் துணையுறுப்புகளுக்கு மதிப்பளிக்கும் நிலைக்கு வளர்ந்தால் மட்டுமே மொழிக்குப் பயன் விளையும்.

3. புரவலர் வழி: மாஸ்கோவிலிருந்து வந்த தமிழ்

இதற்கு நேர்மாறான வழங்கல் தொடர் சோவியத் ஒன்றியத்திலிருந்து வந்த தமிழ் நூல்களுடையது. அயல்மொழிப் பதிப்பகம், அதன் வழிவந்த முன்னேற்றப் பதிப்பகம், அறிவியல் நூல்களுக்குரிய மீர், 1982 முதல் இலக்கிய நூல்களுக்கென இயங்கிய ராதுகா ஆகியவை தமிழில் நூல்களை அச்சிட்டன. தமிழகத்தில் அவற்றை நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் பரப்பியது. பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா, நா. தர்மராஜன் முதலியோர் இம்மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபட்டனர். இந்நூல்களின் விலை உற்பத்திச் செலவைப் பின்பற்றவில்லை. மக்கள் வாங்கத்தக்க விலை எது என்பதைப் பின்பற்றியது. விற்பனை வருவாயை எதிர்நோக்கி மொழிபெயர்ப்பாளருக்கு ஊதியம் அளிக்கும் நிலை அங்கில்லை.

இத்தொடரின் மொழித்தடத்தைப் பெயர்ச்சொற்களிலேயே காணலாம். ஆங்கில வழி வந்த நூல்களில் ‘டால்ஸ்டாய்’ என்று எழுதப்படுபவர், மாஸ்கோ பதிப்புகளில் ‘தல்ஸ்தோய்’ ஆகிறார். ரஷ்ய மொழியில் அழுத்தம் பெறாத ஒகரம் அகரத்தை ஒட்டி ஒலிப்பதையும், அம்மொழியின் தகரம் பல்லொலி என்பதையும் இவ்வெழுத்துப்பெயர்ப்பு பதிவு செய்கிறது. ‘டால்ஸ்டாய்’ என்னும் வடிவமோ ஆங்கிலேயர் நாவில் அப்பெயர் அடைந்த திரிபைத் தமிழ் எழுத்தில் தருகிறது. இரண்டில் எது தமிழுக்கு இயல்பானது என்பது வேறு வினா. ஒரு பெயரின் எழுத்துக்கூட்டிலேயே அந்நூல் வந்த வழி பதிந்துள்ளது என்பதே இங்குக் கருதத்தக்கது.

மதிப்புச் சுட்டும் பதிலிடுபெயர்களிலும் இதனைக் காணலாம். ரஷ்ய மொழியில் ‘தி’ என்னும் ஒருமையும் ‘வி’ என்னும் மதிப்புப் பன்மையும் முன்னிலையில் வேறுபட்டு நிற்கின்றன. இருவர் உறவு நெருங்குவதும் விலகுவதும் இம்மாற்றத்தால் உணர்த்தப்படும். தமிழில் நீ, நீங்கள் என்பன இதற்கு எளிதில் நிகராகும். இடையில் ஆங்கிலம் வரின், இவ்வேறுபாடு ஒரே சொல்லில் கரைந்துபோகும். தமிழாக்குபவர் சூழலைக்கொண்டு ஊகிக்க வேண்டியவராகிறார். மூலமொழி அறிந்தாரும் மூலநூலும் அருகிருந்து பணி நிகழ்ந்த வழங்கல் தொடரில் அவ்வூகத்துக்குத் தேவை குறைவு.

இவ்வழியின் விலையையும் கூறுதல் வேண்டும். எந்நூல் தமிழுக்கு வரலாம் என்பதை முடிவு செய்தவர் தமிழ் வாசகர் அல்லர். சோவியத் ஒன்றியத்திலேயே 1988 வரை அச்சேறாத பாஸ்டர்நாக்கின் ‘டாக்டர் ஷிவாகோ’ அதற்குமுன் இவ்வழியே தமிழை அடைந்திருக்க இயலாது. 1991இல் அரசு மறைந்ததும் இவ்வழங்கல் தொடரும் அற்றது. ரஷ்ய மொழியும் தமிழும் ஒருங்கறிந்த மொழிபெயர்ப்பாளருக்கு நிலையான இடம் அளித்த அமைப்பு அதனோடு போயிற்று. புரவலர் ஒருவரே தாங்கும் மொழிபெயர்ப்பு மரபு அவரோடு முடியும் என்பதற்கு இது சான்று.

4. இடைமொழி வழி

சந்தையை நம்பிய மொழிபெயர்ப்பு இயல்பாகவே இடைமொழியை நாடுகிறது. ஆங்கிலம் அறிந்த தமிழ் மொழிபெயர்ப்பாளர் பலர். வங்கமோ ஒடியாவோ ஹங்கேரியமோ அறிந்தவர் சிலர். உரிமை பெறுவதற்கான கடிதப் போக்குவரத்தும் பெரும்பாலும் ஆங்கிலப் பதிப்பை ஒட்டியே நிகழ்கிறது. பதிப்பாளர் தாமே நூலைப் படித்து முடிவு செய்வதற்கும் ஆங்கிலப் பதிப்பே கைகொடுக்கிறது. எனவே இடைமொழித் தேர்வு மொழிபெயர்ப்பாளரின் சோம்பலால் நேர்வதன்று. வழங்கல் தொடரின் முதற்படியிலேயே அது முடிவாகிவிடுகிறது.

இதன் மொழி விளைவு இந்திய மொழிகளுக்கிடையே மிகக் கடுமையானது. வங்கத்தில் தந்தையின் அண்ணன் ‘ஜேட்டா’, தந்தையின் தம்பி ‘காகா’, தாயின் உடன்பிறந்தான் ‘மாமா’. தமிழில் முறையே பெரியப்பா, சித்தப்பா, மாமா. இரு மொழிகளும் வேறுபடுத்தும் இடத்தில் ஆங்கிலம் ‘அங்கிள்’ என்னும் ஒரே சொல்லைத் தருகிறது. ஆங்கில வழித் தமிழாக்குபவர் ‘மாமா’ என்று எழுதினால், அது சொற்பிழையளவில் நிற்பதில்லை. தமிழ் உறவுமுறையில் மாமன் மகள் மணமுறைக்குரியவள். சித்தப்பா மகள் தங்கை. காகாவின் மகளோடு கதைத்தலைவன் கொண்ட உடன்பிறப்பன்பு, ‘மாமா மகள்’ என்ற பெயர்ப்பில் காதற்குறிப்பாகத் தமிழ் வாசகருக்குத் தோன்றும். ஒரு சொல் மாற, கதையின் உறவமைப்பே மாறுகிறது.

மூலத்திலிருந்து நேரே பெயர்ப்பவருக்கும் இவ்விடத்தில் இடர்ப்பாடு உண்டு. வங்க இந்துச் சமூகத்தில் மாமா மகளும் உடன்பிறந்தாளாகவே கருதப்படுவாள். அதனை ‘மாமன் மகள்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தாலும் தமிழில் வேறு பொருள் தோன்றும். ஆனால் அவருக்கு இடர் இருப்பது தெரியும். குறிப்பாலோ சொல்தேர்வாலோ அதனைக் கடக்க முயல்வார். இடைமொழி வழிப் பெயர்ப்பவருக்கு இடர் இருப்பதே தெரியாது. நேரடிப் பெயர்ப்புக்கும் இடைமொழிப் பெயர்ப்புக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு இதுவே எனலாம்.

நேரடிப் பெயர்ப்பு சந்தையில் இயலாத ஒன்றன்று. காண்டேகரை மராத்தியிலிருந்து கா.ஸ்ரீ.ஸ்ரீ.யும், வங்க நாவல்களைத் த.நா. குமாரசாமி, த.நா. சேனாபதி ஆகியோரும் நேரடியாகத் தமிழாக்கிய காலம் ஒன்று உண்டு. இதழில் இடம்பெறும் படைப்பு பின்னர் நூலாகும் அன்றைய வழக்கம், ஒரே உழைப்புக்கு இருமுறை பயன் தரவல்லதாக இருந்தது. பின்னாளில், 1974இல் தொடங்கப்பெற்ற க்ரியா, கமுவின் ‘அந்நிய’னை வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரே பெயர்க்க, 1980இல் வெளியிட்டது. சிறிய பதிப்பகமே ஆயினும் பதிப்பாசிரியர் என்னும் இடத்தை அது செலவுக் கணக்கிலிருந்து நீக்கவில்லை. வணிக முறை மொழியை நெருக்குகிறது என்பது உண்மை; அந்நெருக்கத்துள்ளும் தேர்வுக்கு இடமுண்டு என்பதும் உண்மை.

5. அரசு நிறுவனங்களும் கடைத்தட்டும்

1954இல் தோன்றிய சாகித்திய அகாதெமியும் 1957இல் தோன்றிய நேஷனல் புக் டிரஸ்டும் இந்திய மொழிகளுக்கிடையே நூல் பரிமாற்றத்தைத் தம் கடமையாகக் கொண்டவை. அதீன் பந்த்யோபாத்யாயவின் நாவலைச் சு. கிருஷ்ணமூர்த்தி ‘நீலகண்டப் பறவையைத் தேடி’ என வங்கத்திலிருந்து தமிழாக்கியது போன்ற அரும்பணிகள் இந்நிறுவன வழியே நிகழ்ந்தன. மைசூர் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தில் 2008இல் தொடங்கப்பெற்ற தேசிய மொழிபெயர்ப்புத் திட்டம் உயர்கல்விக்குரிய அறிவுநூல்களை எட்டாம் அட்டவணை மொழிகளில் தர முற்பட்டது. மொழிபெயர்ப்பைத் தேர்ந்தெடுப்பதிலும் ஊதியம் தருவதிலும் சந்தையின் நெருக்கடி இங்குக் குறைவு.

நெருக்கடி தோன்றும் இடம் கடைத்தட்டு. விற்பனையாளரின் வருவாய், விலையில் ஒரு விழுக்காடாகிய கழிவு. கழிவு 30 விழுக்காடு எனக் கொண்டால், 60 ரூபாய் நூலில் அவருக்குக் கிடைப்பது 18 ரூபாய். 300 ரூபாய் நூலில் 90 ரூபாய். இரண்டும் தட்டில் ஏறக்குறைய ஒரே அகலத்தை அடைக்கின்றன. வாசகர் நலன் கருதி விலையைக் குறைத்த நிறுவனம், அந்நலனே காரணமாகக் கடையிலிருந்து விலக்கப்படுகிறது. ஆகவே இந்நூல்கள் புத்தகக் கண்காட்சிகளிலும் நிறுவனத்தின் சொந்த விற்பனை நிலையங்களிலும் மட்டுமே எளிதில் கிடைக்கும் நிலை உண்டாகிறது. தென்னிந்திய புத்தக விற்பனையாளர் மற்றும் பதிப்பாளர் சங்கம் 1977இல் தொடங்கிவைத்த சென்னைப் புத்தகக் காட்சி, இத்தகைய நூல்களுக்கு ஆண்டுக்கொருமுறை திறக்கும் வாயிலாக அமைந்தது.

புழக்கத்தில் இல்லாத மொழிபெயர்ப்பு, மொழி வழக்கில் கலப்பதில்லை. நல்ல நேரடிப் பெயர்ப்புகள் உருவாக்கிய உறவுப்பெயர் உத்திகளும், அறிவுநூல் பெயர்ப்புகளுக்கென ஆக்கப்பெற்ற கலைச்சொற்களும் பின்வரும் மொழிபெயர்ப்பாளருக்கு முன்மாதிரி ஆகாமல் கிடங்கில் தேங்குகின்றன. நிறுவனங்கள் மொழிபெயர்ப்புக்கு ஒதுக்கும் சிந்தனையில் ஒரு பங்கையேனும் வழங்கலுக்கு ஒதுக்குதல் வேண்டும்.

6. குறும்பதிப்பும் தேவைக்கேற்ற அச்சும்

இன்று வழங்கல் தொடர் மீண்டும் மாறியுள்ளது. கணினி வழி அச்சுமுறையால் நூறு, இருநூறு, முந்நூறு படிகள் மட்டும் அச்சிடுதல் இயல்வதாயிற்று. கிடங்குச் செலவும் தேக்கமும் குறைந்தன. அரிய நூல்கள் மீண்டும் கிடைக்கின்றன. இவை பெரும் நன்மைகள். ஆனால் மொழிபெயர்ப்பாளரின் கணக்கு வேறு. ஓர் எடுத்துக்காட்டு: 250 பக்க நூலின் விலை 300 ரூபாய், மொழிபெயர்ப்பாளருக்கு உரிமைத்தொகை 7.5 விழுக்காடு எனக் கொள்வோம். 1,200 படிகளும் விற்றால் அவர் பெறுவது 27,000 ரூபாய். பக்கத்துக்கு 108 ரூபாய். 300 படிகள் விற்றால் 6,750 ரூபாய். பக்கத்துக்கு 27 ரூபாய். ஒரு பக்கத்தைப் பெயர்த்து, மூலத்தோடு ஒப்பிட்டு, இருமுறை திருத்தும் உழைப்புக்கு இத்தொகை ஈடாகாது என்பது வெளிப்படை. திருத்தமே முதலில் கைவிடப்படும். பின்னர் இயந்திர மொழிபெயர்ப்பை வாங்கிச் சீர்செய்யும் முறைக்கு அவர் தள்ளப்படுவார். இடைமொழி வழி வந்த இழப்போடு இயந்திரத்தின் சமன்படுத்தலும் சேரும்.

கொண்டுசெல்லும் செலவும் இதனோடு இணைந்தது. கடைகளைத் தவிர்த்து வாசகருக்கு நேரே அனுப்பும் சிறு பதிப்பகங்கள் அஞ்சல் கட்டணத்தை நம்பியுள்ளன. 2024 டிசம்பரில் பதிவு நூலஞ்சல் முறை நிறுத்தப்பட்டபோது எழுந்த முறையீடுகளும், 2025 மே முதல் நாள் ‘ஞான் போஸ்ட்’ என்னும் சேவை 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய் என்னும் தொடக்கக் கட்டணத்தில் வந்ததும் இச்சார்பினைக் காட்டும். கட்டணம் எடையைப் பின்பற்றும்போது, பின்னிணைப்பும் சொல்லடைவும் கொண்ட தடித்த நூலுக்கு மற்றொரு தடை சேர்கிறது. அன்று பாரம் செய்ததை இன்று கிராம் செய்கிறது.

மொழியியலார் குறிப்பாகக் கருதவேண்டிய மற்றொரு விளைவு உண்டு. தேவைக்கேற்ற அச்சில், கோப்பில் திருத்தம் செய்து அடுத்த நாளே புதிய படியை எடுக்கலாம். திருத்தம் நல்லதே. ஆனால் பதிப்புக் குறிப்பு மாறாமல் பனுவல் மாறுகிறது. ‘முதற்பதிப்பு’ என்று ஒன்றுபோல் குறிக்கப்பட்ட இரு படிகளில் வாசகம் வேறுபடலாம். தரவகம் தொகுப்போரும் மொழிபெயர்ப்பை ஒப்பிடுவோரும் தம் கையிலுள்ள படி எந்நாளில் அச்சானது என்பதைக் குறிக்காவிடின், அவர்தம் முடிவுகளைப் பிறர் சரிபார்க்க இயலாது.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால், மொழிபெயர்ப்பில் காணப்படும் விலகல்களை மொழிபெயர்ப்பாளர் நிலை, வழங்கல் நிலை என முதலில் இரண்டாகப் பகுத்தல் வேண்டும் என்பது பெறப்படும். உறவுப்பெயர், மதிப்புப் பதிலிடுபெயர், பெயர்ச்சொல் எழுத்துக்கூட்டு, கலைச்சொல் ஒருமை, துணையுறுப்புகளின் இருப்பு ஆகிய ஐந்தும் வழங்கல் நிலைக் காரணிகளால் மிகுதியும் தாக்குறுவன. இவற்றில் குறை காண்போர் நூல் வந்த வழியைக் கேட்டறிந்த பின்னரே பொறுப்பைச் சுட்டுதல் தகும்.

இதற்கு நடைமுறையில் வேண்டுவது எளிது. ஒவ்வொரு மொழிபெயர்ப்பு நூலின் பதிப்புப் பக்கத்திலும் ஐந்து செய்திகள் இடம்பெறலாம்: எம்மொழியிலிருந்து பெயர்க்கப்பட்டது, அடிப்படையாகக் கொண்ட பதிப்பு எது, மூலத்தோடு ஒப்பிட்ட பதிப்பாசிரியர் யார், எவையேனும் நீக்கப்பட்டனவா, இப்படி அச்சான நாள் எது. நூலகங்களுக்குக் கொள்முதல் செய்வோர் நேரடிப் பெயர்ப்பையும் சொல்லடைவையும் மதிப்பிடும் கூறுகளாகக் கொள்ளலாம். மதிப்புரை எழுதுவோர் இச்செய்திகளை முதற்பத்தியிலேயே தரலாம்.

மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு சொல். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி மொழிபெயர்ப்பும் தனியுரிமை பெறும் படைப்பே. உரிமை மாற்ற ஒப்பந்தத்தில் காலம் குறிக்கப்படாவிடின் ஐந்தாண்டு எனவும், நிலப்பரப்பு குறிக்கப்படாவிடின் இந்தியா எனவும் அச்சட்டத்தின் 19ஆம் பிரிவு கொள்கிறது. ஒருமுறை தரும் தொகைக்கு ஈடாக எக்காலத்துக்கும் உரிமையை எழுதிக்கொடுக்கும்போது, சட்டம் தரும் இக்காப்பினை அவரே கைவிடுகிறார். தம் பெயர்ப்பைத் திருத்திச் செம்மை செய்யும் வாய்ப்பும் அதனோடு போகிறது. எனவே இது வருவாய் பற்றிய செய்தி மட்டுமன்று. பனுவல் பற்றியதும் ஆகும்.

சித்தப்பா மாமாவாக மாறிய ஒரு பக்கத்தைக் காணும் திறனாய்வாளர், மொழிபெயர்ப்பாளருக்கு வங்கம் தெரியாது என்று எழுதி முடித்துவிடலாம். வங்கம் தெரிந்தவரை அமர்த்தும் வழி அந்நூலின் கணக்கில் ஏன் இல்லாமற் போயிற்று என்றும் அவர் கேட்பாராயின், அடுத்த நூலில் அப்பிழை நேராதிருக்க வாய்ப்புண்டு. தமிழ் மொழிபெயர்ப்புத் திறனாய்வு இனி மேற்கொள்ள வேண்டிய பணி அவ்வினாவிலிருந்து தொடங்குகிறது.